பிளஸ் ஒன்னில் பழந்தமிழ் படிக்க ஆசைப்படும் மகளுக்கு

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: மகள் பத்தாம் வகுப்பு நல்ல மதிப்பெண்ணில் முடித்திருக்கிறாள். அறிவியல் பிரிவு வேண்டாம், சிறப்புத்தமிழ் உள்ள கலைப்பிரிவு வேண்டும், சங்க இலக்கியமும் கல்வெட்டும் படிக்க வேண்டும் என்கிறாள். உறவினர்களோ, தமிழையே விட்டுவிட்டு மொழிப்பாடத்தில் பிரெஞ்சு எடுத்தால் நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்கிறார்கள். சமஸ்கிருதமும் படிக்கலாமா என்று மகள் இன்னொரு பக்கம் கேட்கிறாள். பள்ளியின் கடைசி இரண்டு வருடத்தை இதற்குக் கொடுப்பதில் என்ன பயன்?

படிக்கட்டும். ஆனால் எதற்காகப் படிக்கிறாள் என்பதில் அவளும் நீங்களும் தெளிவாக இருங்கள். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலைத் தமிழாசிரியராக 28 வருடம் இருந்தவன் என்ற முறையில், வகுப்பறையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பிரெஞ்சு விஷயத்தை முடித்துவிடலாம். 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டம் பத்தாம் வகுப்பு வரைதான் தமிழைக் கட்டாயமாக்குகிறது. பிளஸ் ஒன்னில் பகுதி ஒன்று மொழியை, அதாவது முதல் மொழிப்பாடத்தை, மாற்றிக்கொள்ள முடியும். அதனால்தான் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு கூட்டம் தமிழை விட்டுப் போகிறது. எதற்காக? மதிப்பெண்ணுக்காக. அந்த மதிப்பெண் எங்கே உதவுகிறது என்று பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட் ஆஃப். மருத்துவத்துக்கு நீட். அரசு கலைக் கல்லூரியில் பி.காம், பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400ஐப் பார்க்கிறார்கள். மொழிப்பாடத்தில் வாங்கும் 100, 600க்கு எவ்வளவு என்று சொல்லிக்கொள்ளத்தான் பயன்படும். இன்னொன்றையும் யோசியுங்கள். அரசு கல்லூரிகளில் தமிழ் இளங்கலைக்குத் தரவரிசை போடுவதே பகுதி ஒன்றில் எடுத்த தமிழ் மதிப்பெண்ணை வைத்துத்தான். பழந்தமிழ் படிக்க ஆசைப்படும் பெண், கிடைக்காத ஒரு லாபத்துக்காக அந்த வாசலைத் தானே சாத்திக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சு நல்ல மொழி, ஆசையோடு படிப்பவர்கள் படிக்கட்டும். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் அந்தக் கணக்கே தப்பு.

சரி, பாடத்துக்கு வருவோம்.

நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் புறநானூறு, குறுந்தொகை, சிலப்பதிகாரம், கம்பராமாயணம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிடுகிறார்கள். மனப்பாடப் பகுதியை அடிமாறாமல் எழுதுகிறார்கள். பகுபத உறுப்பிலக்கணம் பிரிக்கிறார்கள், புணர்ச்சி விதி சொல்கிறார்கள். நெடுவினாவுக்கு நோட்ஸில் இருப்பதை உள்தலைப்போடு வரிசையாகக் கொட்டிவிடுகிறார்கள். 90க்கு 85 வாங்கிய பையனிடம் பாடத்தில் இல்லாத ஒரு குறுந்தொகைப் பாட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே நின்றுவிடுவான். இது பையனுடைய குறை இல்லை. முன்பின் பார்க்காத பழைய பாட்டைத் தானே பிரித்துப் பொருள்கொள்ள வேண்டும் என்று பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் கேட்டதில்லை. ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்ற கேள்வியில் புதுப் பாட்டு வரும்தான், ஆனால் அது பெரும்பாலும் எளிய பிற்காலப் பாட்டு. மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று அச்சு வார்த்தாற்போல எழுதித் தப்பித்துவிடலாம்.

இங்கிலாந்தில் பள்ளியின் கடைசித் தேர்வான ஏ லெவலில் லத்தீன் எடுக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு வேறு மாதிரி. பாடமாக வைத்த நூல்களுக்குப் பாதி மதிப்பெண். முழுதாக மூன்றில் ஒரு பங்கு, முன்பு பார்த்தே இராத பகுதியை மொழிபெயர்ப்பதற்கு. அங்கே லத்தீன் யாருக்கும் தாய்மொழி இல்லை, தெருவில் யாரும் பேசுவதும் இல்லை. இருந்தும் பதினெட்டு வயதில் தானாகப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் பழந்தமிழின் பாதிச் சொற்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. நாம் அந்த எதிர்பார்ப்பைத்தான் வைக்கவில்லை. உங்கள் மகள் இந்த இரண்டு வருடத்தில் ஒன்றே ஒன்றைச் சம்பாதிக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: உரை இல்லாமல் ஒரு பழைய பாட்டின் முன்னால் உட்கார்ந்து, அது என்ன சொல்கிறது என்று தானே கண்டுபிடிக்கும் பழக்கம்.

அது எப்படி இருக்கும் என்று ஒரு பாட்டை வைத்தே காட்டுகிறேன். குறுந்தொகை 25, கபிலர் பாடியது, தலைவி தோழியிடம் சொல்வதாக. ஐந்தே வரி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

வகுப்பில் இதை எழுதிப்போட்டால் முதல் வரி புரிந்த மாதிரி இருக்கும். யாரும் இல்லை, அவன்தான் கள்வன். கள்வன் என்றால் திருடன், எதைத் திருடினான் என்று ஒரு பையன் கேட்பான். அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் இரண்டாம் வரிக்குப் போவேன். ‘செய்கோ’ என்பதில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். செய்கு, ஓ என்று பிரித்துக் காட்ட வேண்டும். கு, டு, து, று என்னும் குற்றியலுகர ஈறுகள் தன்மை ஒருமைக்கு வரும் என்று நன்னூல் சொல்வதை இரண்டு மதிப்பெண்ணுக்காக எப்போதோ படித்திருப்பார்கள். அதுதான் இது. செய்கு என்றால் செய்வேன். ‘எவன்’ என்பது இங்கே ஆள் இல்லை, ‘என்ன’. நான் என்ன செய்வேன்! அந்தச் சூத்திரம் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் தவிப்பாக மாறும்போது வகுப்பு அமைதியாவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

‘தானது பொய்ப்பின்’ என்றால், அவன் அதைப் பொய்யாக்கினால். எதை? பாட்டில் இல்லை. அன்றைக்கு அவன் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறான். அதை அவள் சொல்லவில்லை, ‘அது’ என்று மட்டும் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் தோழிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, ஊகிக்க வேண்டியதுதான். அப்புறம் ‘கால’. காலம் என்று நினைத்துக்கொண்டு பாதி வகுப்பு வழிதவறிப் போகும். கால் என்பதோடு அகரம் சேர்ந்து ‘காலை உடைய’ என்று நிற்கிறது. காலை உடைய எது? அடுத்த வரியில் இல்லை, அதற்கும் அடுத்த வரியில் இருக்கும் குருகு என்ற நீர்ப்பறவை. தினைத்தாளைப் போன்ற சிறிய பசிய காலை உடைய, ஓடுகிற நீரில் ஆரல்மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற குருகு. அந்தக் குருகும் இருந்தது, அவன் என்னைக் கூடிய நாளில்.

இவ்வளவும் பிரித்து முடித்த பிறகு மறுபடி முதல் வரிக்கு வர வேண்டும். யாரும் இல்லை என்று தொடங்கியவள், குருகும் உண்டு என்கிறாள். அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். சாட்சி யார் என்று தேடுகிறாள். மனிதர் யாரும் இல்லை. இருந்தவன் அவன் ஒருவன், அவனே கள்வன். சட்டென்று ஒரு பறவை ஞாபகம் வருகிறது. அதுவோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்க்கவில்லை. அதன் கால் எந்த நிறம், எவ்வளவு மெலிசு என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்கும் ஒரு நாளுக்கு, அவளைத் தவிர வேறு சாட்சியே இல்லை.

ஒருமுறை ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து வரும் பையன் ஒருவன், பாடத்தில் எப்போதும் பின்தங்குகிறவன், கையைத் தூக்கினான். “ஐயா, எங்க ஊர்ல மடையானைக் குருட்டுக்கொக்குன்னு சொல்லுவோம். மீனைப் பாத்துட்டு நிக்கும்போது பக்கத்துல போனாகூடக் கண்டுக்காது” என்றான். கபிலரின் குருகு எந்தப் பறவை என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் அந்தப் பையன் பாட்டின் நடு நரம்பைத் தொட்டுவிட்டான். சாட்சி நின்றது, சாட்சிக்குக் கண் இல்லை. எந்த நோட்ஸிலும் அன்று எனக்கு அது கிடைத்திருக்காது.

இதற்கு வகுப்பில் இரண்டு பாடவேளை ஆனது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியரால் எல்லாப் பாட்டுக்கும் இப்படிச் செய்ய முடியாது. நானும் செய்யவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நானும் நோட்ஸ் சொல்லி எழுதவைத்தவன்தான், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆகவே இந்த வேலையை உங்கள் மகள் வீட்டில் செய்ய வேண்டியிருக்கும். 2018இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் நிறுத்திவிட்டார்கள். அதனால் முதல் வருடம் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அந்த இடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவதற்கு எந்தப் பள்ளி விழுங்கிவிடுகிறது, எது விழுங்குவதில்லை என்று சேர்க்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு பாட்டு போதும். குறுந்தொகையில் தொடங்குவது நல்லது. நானூறு பாட்டு, நாலு வரியிலிருந்து எட்டு வரி. 782 அடி நீளும் மதுரைக்காஞ்சியை முதலில் எடுத்தால் ஆசை போய்விடும். பாட்டை நோட்டில் கையால் எழுத வேண்டும், இடம் விட்டு விட்டு எழுத வேண்டும். முதலில் சீர் பார்க்காமல் சொல் பார்த்துப் பிரிக்க வேண்டும். தெரியாத சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், இப்போது இணையத்திலேயே தேடலாம். பாட்டுகளும் பழைய உரைகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல்தொகுப்பிலும் மூலங்கள் இருக்கின்றன. என் காலத்தில் ஒரு உரைப் பதிப்பைப் பார்க்க மாவட்ட நூலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இன்று கையில் இருக்கும் போனில் எல்லாம் இருக்கிறது. அதுவே ஆபத்தும்கூட. உரையை முதலில் திறந்துவிட்டால் பாட்டு முடிந்துபோய்விடும். தன் பொருளை எழுதிவைத்த பிறகுதான் உரையைத் திறக்க வேண்டும். எங்கே தப்பினோம் என்று சிவப்பு மையில் குறித்துக்கொள்ள வேண்டும். நாற்பது வாரத்தில் அந்தச் சிவப்பு குறைவதை அவளே பார்ப்பாள்.

மெதுவாகப் போகிறதே என்று கவலைப்படவேண்டாம். உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த 1880இல்தான் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று சொல்லிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை, அவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் பற்றிக் கேட்டார். சீவக சிந்தாமணி ஏடு கைக்கு வந்தபோது அவ்வளவு படித்தவருக்கே அது எளிதில் பிடிபடவில்லை. சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அச்சில் வர ஏழு வருடம் ஆனது, 1887. ஒரு பெண் பிள்ளை குறுந்தொகையில் ஒரு வாரம் தடுமாறினால் அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. தெரிந்த பாட்டுகளையும் இப்படித் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பதின்மூன்று வரிப் பாட்டு. ஆற்றுவெள்ளத்தில் அடித்துப்போகும் தெப்பத்தைப் போல உயிர் முறைவழிப் போகும் என்று கணியன் பூங்குன்றனார் சொல்லும் இடத்தில்தான், பெரியோரை வியக்கமாட்டோம், சிறியோரை அதைவிடவும் இகழமாட்டோம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அந்தக் காரணம் கடைசிவரை தெரியாது.

சிறப்புத்தமிழ் பற்றி: பகுதி ஒன்று தமிழ் தனி, எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அதை எடுக்கலாம். சிறப்புத்தமிழ் என்பது வரலாறு, பொருளியல் போல முதன்மைப் பாடங்களில் ஒன்றாக எடுப்பது. இரண்டையும் சேர்த்தால் வாரத்தில் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் இரட்டிப்பாகும். எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பிரிவு இல்லை, தேடத்தான் வேண்டும். பெயருக்குப் பிரிவை வைத்துக்கொண்டு ஆசிரியர் இல்லாமல் ஓட்டும் பள்ளியும் உண்டு, நேரில் போய்ப் பாருங்கள். அப்படி ஒரு பள்ளியில் சேர்வதைவிட, நல்ல தமிழாசிரியர் இருக்கும் பள்ளியில் சாதாரணக் கலைப்பிரிவு எடுத்து, வாரம் ஒரு பாட்டு படிப்பது மேல். கணிதமும் அறிவியலும் விட்டால் பொறியியலும் மருத்துவமும் அடைபடும். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்து ஒப்புக்கொண்டால் போதும். சட்டம், ஆட்சிப்பணி, எல்லாக் கலைப்பட்டங்களும் திறந்தேதான் இருக்கின்றன.

சமஸ்கிருதம் என்ற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. கல்வெட்டு ஆசை உள்ளவள் இதைக் கேட்டது சரியான கேள்வி. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்குச் சோழர் கொடுத்த ஆனைமங்கலச் செப்பேடுகளில், லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள், 21 ஏடுகள். ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். அரசர் பரம்பரையைப் புகழும் பகுதி வடமொழியில் இருக்கும். எந்த நிலம், எந்த எல்லை, என்ன வரி விலக்கு என்ற காரியமெல்லாம் தமிழில் இருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர் ஏடுகளில் ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும். ஆனால் பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாகச் சமஸ்கிருதம் எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். பத்து வருடம் வளர்ந்த ஒரு மொழியறிவை, பழைய இலக்கியம் பிடிபடத் தொடங்கும் வயதில் நிறுத்துவதாகிவிடும். சமஸ்கிருதத்தைத் தனியாக, அவசரமில்லாமல் தொடங்கட்டும். எழுத்துக்கு ஒரு மாதம். பிறகு பெயர்ச்சொல்லின் வேற்றுமை அடுக்குகள், மூன்று எண்களில், ஒருமை, இருமை, பன்மை. வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும், இதற்குக் குறுக்குவழி கிடையாது. இரண்டு வருடத்தில் காளிதாசனைப் படிக்க முடியாது. ஹிதோபதேசக் கதையும் இராமாயணத்தின் எளிய சுலோகங்களும் அகராதி துணையோடு படிக்கலாம், அதுவே நல்ல தொடக்கம். தமிழில் புணர்ச்சி பிரித்துப் பழகிய கைக்கு அங்கே சந்தி பிரிப்பது பாதி பழகிய வேலையாக இருக்கும்.

வேலை பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். தமிழ் படித்து ஆசிரியராவது நீண்ட வரிசை. தனியார் பள்ளிகளில் சம்பளம் குறைவு, இதை மறைத்துச் சொல்வது நியாயம் இல்லை. போட்டித்தேர்வில் தமிழ் கைகொடுக்கும். குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ்தான். குடிமைப்பணித் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம். கல்வெட்டு என்றால் முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறையே நடத்தும் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அந்தத் துறையில் பழைய எழுத்தும் தெரிந்து பழைய மொழியும் தெரிந்தவர்கள் எப்போதும் தேவை. எழுத்தைப் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிடலாம், மொழியை அங்கே போய்த் தொடங்க முடியாது.

பள்ளி திறப்பதற்கு இன்னும் நாள் இருந்தால் இப்போதே ஒன்று செய்யச் சொல்லுங்கள். 25ஐ நானே பிரித்துக் காட்டிவிட்டேன், அதனால் குறுந்தொகை 3ஐ எடுக்கட்டும். தேவகுலத்தார் பாடியது, நாலு வரி. முதல் வரி ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’. ‘உயர்ந்தன்று’ என்பதைப் பார்த்தவுடன் ‘உயர்ந்தது இல்லை’ என்றுதான் தோன்றும். உண்மையில் அதற்கு ‘உயர்ந்தது’ என்றே பொருள். ஏன் அப்படி என்று பகுபதம் பிரித்து அவளே கண்டுபிடிக்கட்டும். ஒரு வாரம் ஆனாலும் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.